ஓடிபி போன இடம்

எங்கள் கடை என் பேரில் இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது வரி ஆபீஸ் நோட்டீஸ்தான்.

அதுவரை அது என் வீட்டுக்காரருடைய கடை. கச்சிராயபாளையம் கடைத்தெருவில் மோட்டார், பைப், சொட்டுநீர்ச் சாமான் விற்கிற கடை. கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு போடுகிறவர்களும், கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வருகிறவர்களும்தான் வாடிக்கை. நான் மதியம் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோய்க் கல்லாவுக்குப் பின்னால் வைப்பேன், வந்திருப்பவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பேன், திரும்பிவிடுவேன். கடைக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

கடை வைத்த புதிதில், பெண்கள் பேரில் கடன் கேட்டால் வட்டி கம்மி என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போய் நிறைய இடத்தில் கையெழுத்து வாங்கினார். போட்டோ எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா போடு, ஒனக்கு இன்னா நட்டம்?" என்றார். வருகிற வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பரோட்டா நன்றாக ஞாபகம் இருந்தது. கையெழுத்து சுத்தமாக மறந்துபோனது.

அவர் இறந்து, காரியமெல்லாம் முடிந்து, கடையை மறுபடி திறந்து சில வாரம் ஆகியிருந்தது. கல்லாவில் நான் உட்கார்ந்தேன். சரக்கு பார்க்க, மோட்டார் மாட்ட என் கொழுந்தனார் வந்தார். பொம்பளை என்ன பைப் விற்கப்போகிறாள் என்று சொந்தத்தில் சிலர் சிரித்தது என் காதுக்கும் வந்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எந்த இஞ்சு பைப்புக்கு எந்த எல்போ என்று ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் தபால் வந்தது. கொழுந்தனார் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னா தம்பி?"

"அண்ணி, இது ஒங்க பேருக்கு வந்துருக்குது. உரிமையாளர்னு போட்டு."

வாங்கிப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் இனிஷியலோடு என் பெயர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே படித்தபோது இன்னும் மோசம். அவர் இறந்த சமயத்தில் போட வேண்டிய ரிட்டர்ன் வந்துசேரவில்லை. அது வராததால் அடுத்து வரவேண்டியவையும் நிற்கின்றன. பலமுறை எச்சரித்தும் பதில் இல்லை. ஆகவே ஏன் அபராதம் விதிக்கக் கூடாது, ஏன் பதிவை ரத்து செய்யக் கூடாது என்று நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

பதிவு ரத்தானால் என்ன ஆகும் என்று கொழுந்தனாரைக் கேட்டேன். "கம்பெனிக்காரன் பில்லு போட மாட்டான் அண்ணி. பில்லு இல்லன்னா சரக்கு வராது. ஷட்டர எறக்கிட வேண்டியதுதான்" என்றார். மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி இஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் குடும்பமும் இந்தக் கடையை நம்பித்தான். இரண்டு குடும்பத்துக்கும் வேறு வழி கிடையாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அதிர்ச்சி கோபமாக மாறியது. என் சுபாவம் அப்படி. ரிட்டர்ன் வரவில்லையாம்! பச்சைப் பொய். அந்த மாதத்து பில்லையெல்லாம் மஞ்சப் பையில் போட்டு அவர் ஆடிட்டர் ஆபீஸுக்கு எடுத்துப் போனதை என் கண்ணால் பார்த்தேன். மலைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால். பையின் ஒரு காது அறுந்திருந்தது, நான்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். பலமுறை எச்சரித்தார்களாம். எவன் எச்சரித்தான்? என் வீட்டு வாசலுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை.

ரிட்டர்ன் விஷயத்தில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. மாதாமாதம் இருபதாம் தேதி கடைசி நாள். அன்றைக்கு மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். சரியாக அவர் சோற்றில் கை வைத்திருக்கும்போது போனில் "டிங்" என்று மெசேஜ் வரும். அதன் பின்னாலேயே ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா கூப்பிடுவார். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, வந்த ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகக் கத்திச் சொல்வார். யாரோடோ சண்டை போடுகிற மாதிரி இருக்கும். ஒரு தடவை சொல்லி முடித்து மறுபடி முதலிலிருந்து சொல்வார். கடைசியில், "ஏறிச்சா?" என்பார். அந்தப் பக்கம் ஏறிவிட்டது என்றால்தான் சோறு இறங்கும். மகள் லீவில் வந்திருந்தால் அவருக்குப் பின்னால் நின்று அதே குரலில் "ஏறிச்சா?" என்று பழிப்புக் காட்டுவாள். இந்த வீட்டில் ரிட்டர்ன் காணாமல் போனது என்றால் நான் எப்படி நம்புவேன்?

அவர் போன விதத்தையும் சொல்லிவிட வேண்டும். மலை மேலே ஒரு ஊரில் போர்வெல் போட்டிருந்தார்கள், மோட்டார் மாட்டப் போனார். மோட்டாரை உள்ளே இறக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஜீப்பில் போட்டு மலை இறக்கிக்கொண்டு வந்தார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. காலையில் பல் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு என்னோடு பேசிய மனுஷன். எனக்கு அழுகைகூட உடனே வரவில்லை.

எங்கள் பக்கம் புதைப்பதுதான். போகிறவரோடு அவருக்குப் பிடித்த பொருளையும் வைத்து அனுப்புவார்கள். மாமனாருக்கு மூக்குப்பொடி டப்பா. சின்ன மாமனாருக்கு அவருடைய டிரான்சிஸ்டர். இவருக்கு என்ன வைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. கொழுந்தனார் அழுதுகொண்டே உள்ளே போய், அவரோடு மலையிலிருந்து வந்து சார்ஜில் கிடந்த போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "இது இல்லாம எங்க அண்ணன் கொல்லைக்குக்கூட போனதில்லயே" என்று சொல்லி அவர் சட்டைப் பையில் வைத்து, பட்டனையும் போட்டுவிட்டார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஓவென்று அழுதார்கள். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் அது ரொம்பச் சரியான காரியமாகத் தெரிந்தது.

பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். அங்கே பாடையை இறக்கி மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து "டிங்" என்று ஒரு சத்தம். பிறகு போன் அடித்தது. பழைய காலத்து டெலிபோன் மணிதான் அவர் வைத்திருந்தார், ட்ரிங் ட்ரிங் என்று. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எடுப்பதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. முழுசாக அடித்து ஓய்ந்து, மறுபடி ஒருமுறை அடித்தது. "சேதி தெரியாதவங்க யாரோ" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அப்புறம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்குத் தேதி என்ன என்று எனக்கு ஓடவில்லை. யாருக்கு ஓடும்?

நோட்டீஸை எடுத்துக்கொண்டு நானும் கொழுந்தனாரும் முதலில் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனோம். ஆடிட்டர் ஊரில் இல்லை. அந்தக் குமாஸ்தா இருந்தார். தியாகதுருகத்துக்காரர், எங்களோடு பல வருஷப் பழக்கம், அவருடைய குரல்தான் மாதாமாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வேளையில் கேட்கும். நோட்டீஸைப் பார்த்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அண்ணன் குடுத்த பில்லு அத்தனையும் ஏத்திட்டேங்க. இதோ இருக்குதே. ஒண்ணு வுடல" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தானும் கூட வருவதாகச் சொன்னார். எனக்கு அது போதும். ஏற்றியாகிவிட்டது என்று ஆடிட்டர் ஆபீஸிலேயே சொல்கிறார்கள், இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? வரி ஆபீஸ் மாடிப் படியில் நான் ஏறிய வேகத்தில் இவர்கள் இரண்டு பேரும் பின்தங்கிவிட்டார்கள்.

அதிகாரி ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர். சாப்பாட்டு டப்பாவை மேஜை ஓரத்தில் வைத்திருந்தார், இன்னும் பிரிக்கவில்லை. நான் உட்காரவே இல்லை.

"மேடம், நாங்க குடுத்தாச்சு. எங்க வூட்டுக்காரரு கையால கொண்டுபோய்க் குடுத்தாரு. ஒங்க ஆபீஸ்ல தொலைச்சிட்டு எங்கள அபராதம் கட்டச் சொன்னா இன்னா நியாயம்? கணவன் செத்த பொம்பள, இவ இன்னா கேக்கப் போறானு நெனச்சீங்களா?"

பக்கத்து மேஜைகளில் தலைகள் திரும்பின. அந்தம்மா கோபப்படவில்லை. என் நோட்டீஸிலிருந்த நம்பரைத் தட்டினார், பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"உக்காருங்கம்மா. இங்க பாருங்க. கணக்கு எல்லாம் ஏறியிருக்கு. நீங்க சொல்றது சரிதான். ஆனா கடைசியில கையெழுத்து இல்ல. மொபைலுக்கு ஒரு ஓடிபி வரும். அத அடிச்சாத்தான் கையெழுத்து போட்ட மாதிரி. அது அடிக்கவே இல்ல. அதனால ரிட்டர்ன் எங்களுக்கு வந்ததாவே ஆகாது."

எனக்குப் புரியவில்லை. குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அன்னிக்கு இருபதுங்க" என்றார். "மத்தியானம் எல்லாம் ரெடி பண்ணிட்டு ஓடிபி அனுப்பினேன். போயிடுச்சு. எப்பவும் போல ஒடனே போன் அடிச்சேன். ரிங் போய்க்கினே இருந்துச்சு, எடுக்கல. இன்னொரு தபா அடிச்சேன். சரி, அண்ணன் மல மேல வேலயா இருப்பாரு, அப்புறம் கூப்புடுவாருன்னு நெனச்சேன். சாயந்திரம்தான் சேதி தெரிஞ்சுது. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு எழவு வூட்ல வந்து ஓடிபி இன்னான்னு கேக்கறதுங்க? காரியம் முடியட்டும்னு இருந்தேன். அப்படியே வுட்டுப்போச்சு."

அவர் பேசப் பேச எனக்கு அந்தத் தெருமுனை கண்ணுக்கு முன்னால் வந்தது. மேளம் நின்றது. அந்த "டிங்". அந்த மணி. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்தனார் சுவரோடு சாய்ந்துவிட்டார். போனை வைத்தது அவர் கைதானே.

அதிகாரிக்கு எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்கு ஒரு நம்பரைப் படித்தார். "இதுதானே உங்க பதிவுல இருக்கிற மொபைல்? இந்த நம்பருக்குத்தான் அப்புறமும் எச்சரிக்கை மெசேஜ் எல்லாம் போயிருக்கு. ஒண்ணுக்கும் பதில் இல்ல. அதனாலதான் தபால்ல அனுப்பினோம். இந்த போன் இப்ப யார்கிட்ட இருக்கு?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அவருகிட்டதான் மேடம் இருக்குது."

"யார்கிட்ட?"

"எங்க வூட்டுக்காரருகிட்ட. சட்டைப் பையில வச்சிப் பொதச்சிட்டோம்."

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பாரோ என்று ஒரு கணம் பயந்தேன். சிரித்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

நம்பரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். மனு கொடுக்கலாம், ஆனால் மேலே போய்த் திரும்பி வர நாளாகும், அதற்குள் ரத்துக்கான கெடு முடிந்துவிடும் என்றார். "அந்த நம்பரையே வாரிசுன்னு சொல்லி வாங்கிட முடியுமான்னு பாருங்க. சீக்கிரம் போங்க. மூணு மாசம் பேசாம கெடந்தா கம்பெனிக்காரங்க வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. ரிட்டர்னை முதல்ல போடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கொழுந்தனார் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரமாகவே எங்கள் இடுகாடு. மண் இன்னும் மேடாகத்தான் இருந்தது, மேலே நட்ட செடி காய்ந்திருந்தது. அதைத் தாண்டியதும் கொழுந்தனார் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"அண்ணி, கோச்சிக்காதீங்க. சிம் கம்பெனிக்காரன் இழுத்தடிப்பான். நாலு ஆளு வுட்டா அர நாளு வேல. சிம்ம மட்டும் எடுத்துக்கினு மூடிடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை பஸ்ஸிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். அவர் அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்து திட்டத்தான் போனேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எவ்ளோ ஆழம் தோண்டினாங்க?"

கேட்டது நான்தான். கேட்டுவிட்டு நானே திடுக்கிட்டேன். கொழுந்தனார் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. இறங்குகிற வரைக்கும் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒரு ஷட்டரைத் திறந்து வைப்பதற்காக நான் எதுவரை போவேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அவர் போட்டோவுக்கு முன்னால் நின்று, "ஒனக்கு ஏன்யா இந்த வேல? கடைய என் பேர்ல வச்சா நம்பரையும் என்னுத குடுத்தா இன்னா?" என்று சத்தம் போட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். அவர் போன அன்றைக்கு வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது.

மறுநாள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் கள்ளக்குறிச்சி போனேன். சிம் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர்தான். காகிதங்களைப் பார்த்தார், எங்கேயோ போன் பண்ணிக் கேட்டார், நம்பர் இன்னும் வேறு யாருக்கும் போகவில்லை என்றார். ஆனால் ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

"பழைய சிம்மு தொலஞ்சிடுச்சா, ஒடஞ்சிடுச்சா? ரெண்டுல ஒண்ணு போடணுங்க."

"தொலஞ்சிடுச்சுன்னு போடுங்க."

"சரிங்க. இங்க கையெழுத்து. இன்னும் கொஞ்ச நேரத்துல பழசு கட் ஆயிடும். அப்புறம் இதுல டவர் வரும். அதுவரைக்கும் உக்காந்திருங்க."

பழசு கட் ஆகிவிடும். கடைக்காரருக்கு அது தினமும் சொல்கிற வார்த்தை. அந்த போனில் சார்ஜ் தீர்ந்து எத்தனை நாளாகியிருக்கும்? எனக்குத் தெரியாதா? இருந்தும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, அங்கே மண்ணுக்குக் கீழே அவர் சட்டைப் பையிலிருந்து நான் எதையோ உருவுகிறேன் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. என்னுடைய போனில் ஒரு சிம்முக்குத்தான் இடம். அதனால் கொழுந்தனாரின் பழைய பட்டன் போனைக் கொண்டு போயிருந்தேன். அதன் மூலையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. "வந்துடுச்சுங்க" என்றார் கடைக்காரர். போனைக் கையில் வாங்கவே பயமாக இருந்தது.

அங்கிருந்து ஆடிட்டர் ஆபீஸுக்கு நடந்தேன். குமாஸ்தா எனக்காகக் காத்திருந்தார். எல்லாம் தயாராக வைத்திருந்தார், பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் உள்ளங்கையில் "டிங்".

எனக்குச் சின்ன எழுத்து சரியாகத் தெரியாது. போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். குமாஸ்தா மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் சத்தமாகத்தான் சொன்னேன். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அப்புறம் நான் யோசிக்காமலே கேட்டேன்.

"ஏறிச்சா?"

அந்த மனுஷன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். "ஏறிச்சுங்க" என்றார்.

மீதி மாதங்களையும் அன்றைக்கே முடித்தோம். ரசீதை எடுத்துக்கொண்டு வரி ஆபீஸ் போனபோது நான் படியில் வேகமாக ஏறவில்லை. அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ரத்து நோட்டீஸை எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஆனால் அபராதம் இருக்கிறது என்றார். எச்சரித்தும் பதில் சொல்லாததற்கு.

நான் விடவில்லை. இந்த முறை உட்கார்ந்துகொண்டே பேசினேன்.

"மேடம், கட என் பேர்லனு நீங்கதான் சொன்னீங்க. அப்ப எனக்குத்தான எச்சரிக்கணும்? நீங்க அனுப்பினது அத்தனையும் பொதச்ச ஆளோட சட்டைப் பைக்குப் போயிருக்குது. எனக்குன்னு வந்தது ஒரே ஒரு காயிதம். அது வந்ததும் ஓடியாந்து ஒங்க முன்னாடி நின்னேன். கத்தினது தப்பு. ஆனா வராம இருந்தேனா? பதில் சொல்லாம இருந்தது அவருதான். அவர வேணும்னா கேளுங்க."

கடைசி வார்த்தை தடித்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். பிழையோடுதான் எழுதியிருப்பேன். சட்டைப் பை என்று எழுதும்போது பேனா நின்றது, பிறகு எழுதினேன். அவர் படித்தார். ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை. அபராதத்தை விலக்கி உத்தரவு போடுவதாகச் சொன்னார். தாமதத்துக்கான கட்டணம் மட்டும் நிற்கும், அது மெஷின் தானாகப் போடுவது, அதைத் தொட தனக்கு அதிகாரம் கிடையாது என்றார். சாவு விழுந்த வீட்டுக்கு மெஷின் எங்கே இரக்கம் காட்டப்போகிறது? கட்டிவிடுகிறேன் என்றேன். இன்னொரு படிவத்தை எடுத்து, கீழே உரிமையாளர் என்று அச்சடித்திருந்த இடத்தைக் காட்டினார். இந்த முறை என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோதுதான் மனசு கொஞ்சம் லேசானது. கடை பிழைத்துவிட்டது. இதை உடனே மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று துடித்தது. நோட்டீஸ் வந்ததிலிருந்து அவள் தினமும் விசாரித்துக்கொண்டிருந்தாள், ஃபீஸுக்கு என்ன ஆகும் என்று வாய்விட்டுக் கேட்கமாட்டாள், நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள். போன் குழிக்குள் போனதுதான் வினை என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. புது சிம் வாங்கப்போவதையும் சொல்லவில்லை. கையில் இருந்த போனில் அவள் நம்பரை அழுத்தினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

அடித்தது. எடுக்கவில்லை. முழுசாக அடித்து நின்றது. வகுப்பில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். ரொம்ப நேரம் கழித்து எடுத்தாள். ஹலோ என்று சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்தவள் மாதிரி.

"அப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டிருக்கிறேன் என்று. அவள் போனில் என்ன பேர் வந்திருக்கும், அவர் சிரிக்கிற எந்தப் போட்டோ வந்திருக்கும் என்று. அந்தப் போனைச் சட்டைப் பையில் வைத்ததை என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் அவள். ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்!

"அம்மாடி, நான்தான்டா. அம்மா. அப்பா நம்பர வாங்கிட்டேன், ஓடிபிக்கு. யோசிக்காம போட்டுட்டேன்டா."

என்னைச் சுற்றி பஸ்கள் உறுமின, ஒரு கண்டக்டர் தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை என்று அடித்தொண்டையில் கூவிக்கொண்டிருந்தார். அவள் அப்பா சரக்கு எடுக்க வரும்போதெல்லாம் இங்கே நின்றுதான் அவளைக் கூப்பிடுவார். ஒன்றும் காதில் விழவில்லை, உள்ளே போய்ப் பேசுப்பா என்று அவள் ஒவ்வொரு தடவையும் திட்டுவாள். அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை.

"தெரியும்மா, நீதான்னு" என்றாள். "கொஞ்ச நேரம் பேசாம இரேன். வச்சிடாத. அந்த பஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கினு இருக்கேன்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து, பஸ்கள் நின்ற பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் பஸ் வந்தது, ஆள் ஏற்றியது, கிளம்பிப் போனது. நான் ஏறவில்லை.